"தம்பி எவ்விடம்?"

யாழ்ப்பாணத்தில் பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருக்கும் ஐயா முதலில் கேட்பது இதைத்தான். ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "எந்தப் பள்ளிக்கூடம்?" இரண்டு பதிலும் கிடைத்தால் மிச்சத்தை அவரே நிரப்பிக்கொள்வார். சமயம், சாதி, தகப்பன் என்ன தொழில் செய்திருப்பார் என்பது வரை. நான் சொன்னது ஓர் ஊர்ப்பெயர். அவர் எடுத்துக்கொண்டது நாலைந்து அடையாளங்கள்.

இந்த நிரப்புதல்தான் சமூக உளவியலில் முக்கியமான ஓர் ஆய்வுப் பொருள். நம் ஒவ்வொருவருக்கும் அடையாளங்கள் பல என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அவை மனதுக்குள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி இருக்கின்றன என்பதே கேள்வி என்று 2002இல் எழுதினார்கள் சோனியா றொக்காஸ், மரிலின் புறூவர் என்ற இரு உளவியலாளர்கள். அதை அடையாளப் பின்னல் என்று தமிழில் சொல்லலாம்.

குருநகரில் பிறந்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கொக்குவிலில் குடியிருக்கிறார், கணித ஆசிரியை. ஊர், சமயம், தொழில் மூன்றிலும் தன்னைப் போல இருப்பவர்களை மட்டும் "எங்கட ஆக்கள்" என்று அவர் எண்ணினால் அந்த வட்டம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். சமயம் ஒன்றே பெரிது, மற்றதெல்லாம் அதற்குக் கீழே என்றும் எண்ணலாம். கோயிலில் கத்தோலிக்கராகவும் பாடசாலையில் ஆசிரியையாகவும் இடத்துக்கு இடம் மாறியும் வாழலாம். நம்மில் பலர் அப்படித்தான். நாலாவது வழியும் ஒன்று உண்டு. ஏதாவது ஒன்றில் தன்னோடு சேர்ந்தவர் எவரும் தன்னவரே என்று எண்ணுவது. அப்போது மாத்தறையில் கணிதம் படிப்பிக்கும் சிங்கள ஆசிரியையும் உள்ளே வந்துவிடுவார்.

இதை அளப்பதற்கு ஆய்வாளர்கள் கேட்பது எளிய கேள்விதான். உங்கள் சமயத்தவரில் எத்தனை பேர் உங்கள் தொழில் செய்பவர்கள்? உங்கள் தொழில் செய்பவர்களில் எத்தனை பேர் உங்கள் இனத்தவர்? "ஏறக்குறைய எல்லாரும்" என்று சொல்பவருக்கு வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு வட்டத்துக்கு வெளியே நிற்பவர் அவருக்கு எல்லா வட்டத்துக்கும் வெளியே நிற்பவர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புறூவர் நடத்திய ஆய்வில், வட்டங்கள் விலகி விலகி வெட்டிக்கொள்வதாகக் கண்டவர்களிடம், அதாவது பின்னல் கூடியவர்களிடம், பிற குழுக்கள் மீதான சகிப்பு கூடுதலாக இருந்தது.

வட்டத்தின் எல்லை எவ்வளவு கெதியாக நகரும் என்பதை 2005இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வு காட்டியது. மன்செஸ்ரர் யுனைற்றட் ரசிகர்களான மாணவர்களை முதலில் அந்தக் கழகத்தைப் பற்றி எழுத வைத்தார்கள். பிறகு வழியில் ஒருவர் வழுக்கி விழுந்து நோவில் துடிப்பதுபோல நடித்தார். அவர் யுனைற்றட் சேர்ட் போட்டிருந்தால் ஓடிப்போய் உதவினார்கள். எதிரணியான லிவர்பூல் சேர்ட் என்றால் பெரும்பாலும் கடந்து போனார்கள். இன்னொரு குழுவை, உதைபந்தாட்ட ரசிகராக இருப்பதைப் பற்றி எழுத வைத்தபோது லிவர்பூல் சேர்ட்காரருக்கும் உதவி கிடைத்தது. சாதாரண சேர்ட் போட்டவருக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கவில்லை. வட்டம் பெருத்தது, ஆனால் அதற்கும் ஒரு வெளிப்புறம் இருந்தது.

நமக்கு இது புதிதல்ல. 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் போட்டியில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளான சென்றலும் சென் ஜோன்ஸும் மைதானத்தில் இரண்டு கட்சி. கொழும்பில் ஒரு வேலைத்தலத்தில் சந்தித்தால் அதே இரண்டு பேரும் "யாழ்ப்பாணத்து ஆக்கள்".

அச்சமும் நெருக்கடியும் இந்தப் பின்னலை அவிழ்த்து, மனதை ஒற்றை அடையாளத்துக்குத் தள்ளும் என்றும் றொக்காஸும் புறூவரும் சொல்கிறார்கள். அந்த வரியை வாசிக்கும்போது எனக்கு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெரு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று அவர்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பேசிய மொழி ஒன்று. நின்ற சந்தை ஒன்று. அத்தனை வட்டங்களையும் விட்டு ஒரு வட்டம் மட்டுமே அன்று கணக்கில் எடுக்கப்பட்டது. அது ஓர் ஆயுத அமைப்பின் முடிவு, அதற்கான பொறுப்பை எந்த உளவியல் கோட்பாடும் குறைக்காது. அயலவர்களான நாங்கள் அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்கு இது தேவைப்படுகிறது.

பின்னலை மறுபடி போடலாமா? வட அயர்லாந்தில், கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பல பத்தாண்டுகள் மோதிய மண்ணில், 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தேடியது. மறுதரப்பாரோடு பழக்கம் கூடியவர்களிடம் அடையாளப் பின்னலும் கூடியிருந்தது, மறுதரப்பைப் பற்றிய எண்ணமும் மேலாக இருந்தது. இங்குதான் எனக்குக் கவலை. நம் ஊர்கள் பல சாதிவாரியாகவும் பாடசாலைகள் பல சமயவாரியாகவும் அமைந்தவை. பஸ்ஸில் அந்த ஐயா போடும் கணக்கு பல தடவை சரியாகவே வந்துவிடுகிறது. கணக்குப் பிழைக்கிற இடங்கள் பெரியாஸ்பத்திரி வார்ட், பல்கலைக்கழக விடுதி, ரியூற்றறி வாங்கு. மூன்றாம் பாடத்தில் பக்கத்தில் இருப்பவன் எவ்விடம் என்று தெரிவதற்கு முன்னமே அவனுடைய கொப்பியைப் பார்த்து எழுதிவிடுகிறோம்.