பதில் தெரியும், ஆனால் வாயில் வரவில்லை

மங்கோலியாவின் தலைநகர் எது?

பட்டென்று சொல்லிவிட்டவர்கள் இருப்பீர்கள். "எனக்குத் தெரியாது" என்று தாண்டிப் போனவர்களும் இருப்பீர்கள். இந்தக் கட்டுரை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றியது. "தெரியுமே... எப்போதோ படித்திருக்கிறேனே... 'உ'வில் ஆரம்பிக்கும், நடுவில் ஒரு 'லா' வரும், கொஞ்சம் நீளமான பெயர்..." என்று கண்ணை மூடிக்கொண்டு விரலைச் சுழற்றுகிறார்களே, அவர்கள். பொது அறிவுக் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இந்தச் சில நொடிகள்தான். நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதை மண்டையைத் திறக்காமலேயே பார்க்கக் கிடைக்கும் நேரம் அது.

ஒரு பெயர் நினைவில் இல்லை என்றால், அது 'உ'வில் ஆரம்பிக்கும் என்பது மட்டும் எப்படித் தெரியும்? யாராவது "காரகோரமா?" என்று எடுத்துக் கொடுத்தால், "இல்லை இல்லை, அது பழைய தலைநகர்" என்று எப்படி உடனே தள்ள முடிகிறது? சரியான பதில் கையில் இல்லை. ஆனாலும் தவறான பதிலைக் கண்டுபிடிக்க முடிகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே இதைக் கவனித்திருக்கிறார். மறந்த பெயர் விட்டுப்போன இடம் வெறும் வெற்றிடம் அல்ல, தீவிரமாக வேலை செய்துகொண்டிருக்கும் வெற்றிடம் என்ற பொருளில் எழுதினார்.

இந்த அனுபவத்துக்குப் பெயர் வைப்பதில் மொழிகளுக்குள் வியப்பான ஒற்றுமை இருக்கிறது. தமிழில் 'நாக்கு நுனியில் நிற்கிறது' என்கிறோம். பென்னட் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் 51 மொழிகளில் விசாரித்து 1999ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றில் 45 மொழிகள் நாக்கையோ, வாயையோ, தொண்டையையோ வைத்துத்தான் இதைச் சொல்கின்றன. சரி, வாயால் பேசாதவர்களுக்கு? அமெரிக்க சைகை மொழி பேசுபவர்களிடம் நடத்திய ஆய்வில், அவர்களுக்கும் இதே தவிப்பு வருவது தெரிந்தது. நாக்கு நுனிக்குப் பதில் விரல் நுனி. கையை எந்த வடிவில் வைக்க வேண்டும், உடம்பில் எந்த இடத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டும் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது. எப்படி அசைக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் வர மறுக்கிறது. முதல் எழுத்து தெரிந்து மீதி வராமல் நிற்பதைப் போலத்தான்.

இதை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் வரவழைத்துப் பிடித்தவர்கள் ஹார்வர்டைச் சேர்ந்த ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும். ஆண்டு 1966. மாணவர்களிடம் அரிய சொற்களின் விளக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். கடலில் சூரியனும் நட்சத்திரங்களும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று கோணம் அளக்க மாலுமிகள் பயன்படுத்தும் கருவி எது? விடை செக்ஸ்டன்ட். மாட்டிக்கொண்ட மாணவர்களுக்கு வந்த சொற்கள் இரண்டு வகை. ஒன்று, பொருளில் பக்கத்து வீட்டுச் சொற்கள்: காம்பஸ், அஸ்ட்ரோலேப். இன்னொன்று, பொருளுக்குச் சம்பந்தமே இல்லாமல் காதுக்கு மட்டும் ஒத்துப்போகும் சொற்கள்: செக்ஸ்டெட், சீகன்ட். சொல் வராதபோதும் முதல் எழுத்தைப் பாதிக்கும் மேற்பட்ட தடவை சரியாகச் சொன்னார்கள். எத்தனை அசை என்பதையும் எதேச்சையாகச் சரியாக அமைவதைவிட அதிகமான தடவை சொன்னார்கள்.

இதிலிருந்து புரிவது என்ன? ஒரு சொல் மூளையில் ஒரே பொட்டலமாக இல்லை. அதன் பொருள் ஓர் இடம், இலக்கணக் குணம் ஓர் இடம், ஒலி இன்னோர் இடம் என்று பிரிந்து கிடக்கிறது. இத்தாலிய மொழியில் பெயர்ச்சொற்கள் எல்லாம் ஆண்பால் அல்லது பெண்பால். பொருளை வைத்து இன்ன பால் என்று ஊகிக்க முடியாத சொற்கள் நிறைய. அப்படிப்பட்ட ஒரு சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டவர்களிடம் "அது ஆண்பாலா, பெண்பாலா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்கள். சொல்லின் பெயர் வரவில்லை, பால் வந்துவிட்டது! இந்த 1997 ஆய்வை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துப்போனது. பொருளில் தொடங்கி இலக்கணம்வரை வழி திறந்திருக்கிறது. கடைசிக் கதவான ஒலிக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

அந்தக் கடைசி வழி ஏன் அடைபடுகிறது? டெபோரா பர்க் குழுவினர் 1991ல் தந்த விளக்கம் பரவலாக ஏற்கப்படுவது. பொருள் பக்கத்தில் இணைப்புகள் ஏராளம். மங்கோலியா என்றதும் குதிரை, செங்கிஸ் கான், கோபிப் பாலைவனம், கூடாரம் என்று பத்துப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது. ஆனால் ஒரு பெயரின் ஒவ்வோர் ஒலிக்கும் அந்தப் பெயரிலிருந்து போவது ஒற்றையடிப் பாதை. நடமாட்டம் குறைந்தால் புல் மண்டிவிடும். வயதாக ஆக இந்தப் பாதைகள் இன்னும் வலுவிழக்கின்றன. பெரியவர்கள் "அந்த நடிகர்தான்டா, பெயர் வரமாட்டேன் என்கிறது" என்று தடுமாறுவது அறிவு குறைந்ததால் அல்ல. அந்த நடிகரைப் பற்றிய எல்லாமே அவர்களுக்குத் தெரியும். ஒலிதான் எட்டவில்லை.

பெயர்கள்தான் இதில் மிக மோசம். ஆங்கிலத்தில் பேக்கர் என்பது ஒரு குடும்பப்பெயர், ரொட்டி சுடுபவர் என்று தொழிலும் அதுவே. ஒரே முகத்தைக் காட்டி, சிலரிடம் "இவர் பெயர் பேக்கர்" என்றும், வேறு சிலரிடம் "இவர் தொழில் பேக்கர்" என்றும் சொன்னால், தொழிலாகக் கேட்டவர்களே பின்னால் நன்றாக நினைவுகூர்கிறார்கள். சொல் அதேதான். தொழில் என்றால் அடுப்பு, மாவு, வாசனை என்று பிடித்து ஏற நிறையக் கைப்பிடிகள். பெயர் என்றால் வெறும் ஓசை.

அப்புறம், இந்தத் தவிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. கனடாவில் ஏமி பெத் வாரினர், கரின் ஹம்ஃப்ரீஸ் இருவரும் 2008ல் ஒரு சோதனை செய்தார்கள். பதில் வாயில் வராமல் நின்றவர்களைச் சிலமுறை 10 நொடியும் சிலமுறை 30 நொடியும் தவிக்கவிட்டு, பிறகு விடையைக் காட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்விகள். அதிக நேரம் தவித்த சொற்களிலேயே மறுபடியும் அதிகம் மாட்டினார்கள். விடையைக் காட்டியும்! தேடித் தேடித் தவறான வழியையே மிதித்து அகலப்படுத்திவிட்டார்கள்.

ஆகவே உங்களை இதற்கு மேல் காக்க வைப்பது நியாயமில்லை: உலான்பாட்டர்.

"அட, அதேதான்!" என்று வந்த நிம்மதியோடு நிறுத்த வேண்டாம், ஒற்றையடிப் பாதைக்கு ஒரு துணைப்பாதை போடலாம். மங்கோலிய மொழியில் 'உலான்' என்றால் சிவப்பு, 'பாட்டர்' என்றால் வீரன். செவ்வீரன். 1924ல், மங்கோலியா மக்கள் குடியரசானபோது வைத்த பெயர். இந்தப் 'பாட்டர்' நமக்கும் அந்நியமில்லை. அதன் பழைய மங்கோலிய வடிவம் பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்து, பட்டங்களில் ஒட்டிக்கொண்ட 'பகதூர்' ஆனது. பகதூரை மறப்பவர் யார்?

விடைக்காகக் காத்திருக்கும் ஆவலும் வீண் போவதில்லை. 2014ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பொது அறிவுக் கேள்வியைக் கேட்டுவிட்டு விடை வருவதற்கு முன் 14 நொடி காக்க வைத்தார்கள். இடையில் சம்பந்தமில்லாத ஒரு முகம் திரையில் தோன்றி மறையும். ஆவல் மிகுந்த கேள்விகளின் விடைகள் அடுத்த நாளும் நன்றாக நினைவில் நின்றன. அதைவிட ஆச்சரியம், அந்த ஆவலுக்கு நடுவே வந்துபோன முகங்களும் கூடுதலாகப் பதிந்திருந்தன. ஊக்கத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கும் பகுதிகளும் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் அந்த நொடிகளில் சேர்ந்து விழித்திருந்ததை மூளைப் படம் காட்டியது.

தவறான விடைக்கும் பலன் உண்டு, அதுவும் அடித்துச் சொன்ன தவறுக்கு. ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவருக்கு, கான்பெரா என்ற திருத்தம் வரும்போது தூக்கிவாரிப் போடுகிறது. அரைமனதோடு ஊகித்துத் தவறியவரைவிட இவரே திருத்தத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறார் என்று 2001 முதல் ஆய்வுகள் காட்டிவருகின்றன. அதிர்ச்சி கவனத்தை இழுத்து உட்கார வைக்கிறது. கான்பெராவுக்கும் ஒரு கைப்பிடி கொடுத்துவிடுகிறேன்: சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இடையே யார் தலைநகர் என்ற போட்டி தீராததால், இரண்டுக்கும் நடுவே புதிதாகக் கட்டிய ஊர் அது. நாடாளுமன்றம் 1927ல் அங்கே குடியேறியது.

படித்ததையே திரும்பப் படிப்பதா, தன்னையே கேள்வி கேட்பதா என்று 2006ல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னே: அவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, கேள்வி கேட்டுக்கொண்டவர்களுக்கு 75. ஒரு வாரம் போனதும் தலைகீழ். திரும்பப் படித்தவர்களிடம் 42 சதவீதம் மிஞ்சியது, கேள்வி கேட்டுக்கொண்டவர்களிடம் 56.

எனவே நாளைக் காலையில் பல் தேய்க்கும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்: மங்கோலியாவின் தலைநகர் எது? வராவிட்டால் பத்து நொடிக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். சிவப்பு, பிறகு பகதூர். அதற்கும் மசியாவிட்டால் தயங்காமல் மேலே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.