பழைய சுவருக்குப் பழகிய கை வேண்டும்

சாரத்தின் மூன்றாவது தட்டில் நின்று கல்லை விரலால் தேய்த்தேன். ஈரச் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சிமென்ட் மட்டும் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சுற்றியிருந்த மணற்கல் ஓர் அங்குலத்துக்கு மேல் அரித்து உள்ளே போயிருந்தது. எடின்பரோவில் பழைய கட்டடங்களைச் சோதித்துப் பழுது சொல்லும் பொறியாளர் வேலை எனக்கு. இந்தக் காட்சியை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

இந்த ஊரின் பழைய நகரமும் புதிய நகரமும் 1995-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. புதிய நகரம் என்று பெயர்தான். அதற்கு ஜேம்ஸ் கிரெய்க் வரைபடம் போட்டது 1767-இல். ஸ்காட்லாந்து முழுக்க எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு 1919-க்கு முன் கட்டியது. அந்த வீடுகளில் இன்றும் பிள்ளைகள் வளர்கிறார்கள், சமையல் நடக்கிறது. பழுதானால் பணம் திரட்டிவிடலாம், வரைபடமும் போட்டுவிடலாம். சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்துக் கல் இடுக்கில் சரியாக வைக்கத் தெரிந்த ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்க வேண்டாம். 2000 ஜூனில் இதே ஊரின் மையத்தில் மேலிருந்து கல் விழுந்து ஓர் இளம்பெண் இறந்துபோனார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

சிமென்ட் ஏன் கெடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய கல்சுவர் மழை ஈரத்தைக் குடிக்கும். காற்றடித்தால் வெளியே விடும். அந்த ஈரம் போகிற வழி சுண்ணாம்புச் சாந்து. கல்லைவிட அது மென்மையானது, நுண்துளைகள் அதிகம். உப்பும் உறைபனியும் முதலில் சாந்தைத்தான் தின்னும். பல வருடம் கழித்துச் சாந்தை மாற்றிக்கொள்ளலாம், கல் தப்பிக்கும். அந்த இடுக்கைச் சிமென்டால் அடைத்தால் ஈரத்துக்குக் கல் வழியாக மட்டுமே போக்கு. வெளிவரும் இடத்தில் உப்பு படிகமாகிக் கல்லின் தோலை உரிக்கும், குளிரில் உறைந்த நீர் மிச்சத்தைப் பிளக்கும். சுவர் வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே அழுகும்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்வீட்டுக்குச் சிமென்ட் கலவை என்று எழுதிக் கொடுத்தேன். கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் கான்கிரீட்டும் இரும்பும்தான். சில வருடம் கழித்து அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டுக் காட்டியபோது ஜன்னல் ஓரத்துக் கற்கள் முகம் இழந்து நின்றன. என் கையெழுத்துப் போட்ட தாளால் ஒரு கல்தச்சரின் வேலை அழிந்துபோனது. அதற்கப்புறம்தான் நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன், அதுவும் கொத்தனார்களிடம்.

எடின்பரோவுக்கு வடக்கே, ஃபைஃப் பகுதியின் கரையில் சார்ல்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர். வரிசையாக 14 சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்த இடம். அங்கே 1994-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் லைம் சென்டர் சுண்ணாம்பு வேலையைக் கற்றுக் கொடுக்கிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் எழும் கொதிப்பையும் வாசனையையும் முதன்முதலில் அனுபவித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. என் தாத்தா வீட்டுக் கொல்லையில் சுண்ணாம்பு நீற்றிய குழி இருந்தது. பக்கத்தில் போகாதே என்று அதட்டுவார்கள்.

சாரத்தில் அன்று என்னோடு இருந்தது பத்தொன்பது வயதுப் பெண், இரண்டாம் வருடப் பயிற்சியாளர். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பழைய சிமென்டை எடுக்க அவள் வெட்டு மிஷினைத் தூக்கினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்து உளியை நீட்டினார். மிஷின் ஒரு நூல் விலகினாலும் கல்லின் ஓரம் போய்விடும். இடுக்கைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சாந்தைக் கரணையால் உள்வரை திணித்தார்கள். அப்புறம் காத்திருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பள்ளம் விழாமல் ரேகை மட்டும் பதிகிற நேரத்தில் முரட்டுத் தூரிகையால் தட்டச் சொன்னார். கொஞ்சம் முந்தினால் இழுத்துக்கொண்டு வரும், பிந்தினால் தட்டியும் பயனில்லை. கடைசியில் ஈரச் சாக்கு போட்டு மூடினார்கள். அந்தக் கட்டைவிரல் கணக்கை எந்தப் புத்தகத்தில் எழுதி வைப்பது?

சாரத்தில் நின்றுதான் இது வரும். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ஸ்பெயின்காரர்கள். கட்டடக் கலைஞரும் கேலிச்சித்திரக்காரருமான பெரிதிஸ், பாழடைந்து கிடந்த சாந்தா மரியா லா ரியால் மடாலயத்தைச் சீரமைக்கும் வேலையையும், ஊரில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களையும் ஒன்றாகச் சேர்த்து யோசித்தார். அந்த மடாலயம் இருக்கும் அகிலார் தெ காம்போ ஊரில் 1985-இல் பிறந்த அந்தப் பட்டறைப் பள்ளி முறை நாடெங்கும் பரவி லத்தீன் அமெரிக்காவுக்கும் போனது. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் வேலையற்றவர்களுக்கு முதலில் உதவித்தொகையோடு படிப்பு, அப்புறம் சம்பளத்தோடு வேலையும் படிப்பும். முடிந்து வெளியே வரும்போது ஊருக்கு ஒரு கட்டடம் மிஞ்சும், பையனுக்கு ஒரு தொழில் மிஞ்சும்.

ஜெர்மனியில் மரச்சட்ட வீடுகள் ஆயிரத்துக்கு மேல் நிற்கும் க்வெட்லின்பர்க்கில் 1999-இல் வேறு மாதிரி ஆரம்பித்தார்கள். பதினாறு முதல் இருபத்தாறு வயது வரை உள்ளவர்கள் ஒரு வருடம் வந்து, கைச்செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழைய கட்டடங்களில் வேலை பார்க்கலாம். ஒரு வருடத்தில் யாரும் தச்சராகிவிட மாட்டார்கள். ஆனால் இது நமக்கு ஆகுமா என்று தெரிந்துவிடும். அதுவே பெரிய விஷயம். 2019-இல் எரிந்த பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயக் கூரையின் மரச்சட்டங்களைக் கோடரியால் செதுக்கிய தச்சர்களில் சிலர், பிரான்சிலேயே கெதெலோன் என்ற இடத்தில் 1997 முதல் பழைய முறைப்படியே எழும்பிவரும் கோட்டையில் கை பழகியவர்கள். தீ விபத்துக்கு அப்புறம் ஆள் தயாரிக்க ஆரம்பித்திருந்தால் 2024 டிசம்பரில் கதவு திறந்திருக்காது.

ஸ்காட்லாந்தில் 2014-இல் வந்த சட்டப்படி, 40 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் போகும் அரசு ஒப்பந்தங்களில் பயிற்சி, வேலைவாய்ப்பு போன்ற ஊர்ப்பயனைச் சேர்க்க முடியுமா என்று பார்த்தாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இந்த நகரத்தைத் தாங்குவது எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டுச் செய்கிற சின்ன மராமத்து. அங்கே குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. மூன்று பேர் வைத்து நடத்தும் கொத்தனாருக்குப் பயிற்சியாளர் என்றால் நாலு வருடச் செலவு. அதனால் நீங்கள் பழைய கல்வீட்டில் பங்குதாரராக இருந்தால், விலைப்பட்டியல் வரும்போது மொத்தத் தொகையோடு நிறுத்தாதீர்கள். என்ன சாந்து வைக்கப் போகிறீர்கள், உளியா மிஷினா, உறைபனி மாதங்களில் வேலையை நிறுத்துவீர்களா, உங்களிடம் பயிற்சியில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், கொஞ்சம் கூடுதல் ஆனாலும் அவருக்கே கொடுங்கள்.

இதை எழுதக் காரணம் போன வாரம் வந்த ஒரு போன். கிளாஸ்கோவிலிருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர், "அண்ணா, பையன் கல்வேலை படிக்கப் போறேங்கிறான். யுனிவர்சிட்டிக்குப் போகாம சுத்தியல் பிடிக்கணுமாம். நீங்க பேசி மாத்துங்க" என்றார். அவர் கவலை எனக்குப் புரிந்தது. என் அப்பாவும் இதே கவலையில்தான் என்னைப் பொறியாளராக்கினார். மாற்றச் சொல்லிப் பேச என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனோடு நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்கள் என்றேன்.

ஒப்பந்தக்காரரிடம் அனுமதி கேட்டாகிவிட்டது. சனிக்கிழமை காலை இருவரும் வருகிறார்கள்; கனமான ஷூ போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.