கொட்டோடமா: சொல்லுக்குள் இருக்கும் உயிர்

"தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லுங்கள், இதுதான் ஜப்பானியரின் கொட்டோடமா ரகசியம்" என்கிற ரீதியில் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் அறிவுரைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கொட்டோடமா உண்மையான சொல்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழைய பாட்டுகளிலேயே இருக்கிறது. அந்தக் கண்ணாடி மட்டும் வெகுகாலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

சொல்லைப் பிரித்தால் கொட்டோ + டமா. கொட்டோ என்றால் சொல், டமா என்றால் உயிர் அல்லது ஆன்மா. ஆன்மாவுக்கு ஜப்பானியத்தில் இன்றும் வழங்கும் 'டமாஷீ'யும் இதே வேர்தான். டமா தனியாக நிற்கும்போது முதலெழுத்து வல்லோசையாக ஒலிக்கும். கூட்டுச்சொல்லில் பின்னால் வரும்போது, நாம் 'படம்' என்பதில் ஒலிப்பதுபோல மெலிந்துவிடும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது வசதி. இரண்டுக்கும் ஒரே டகரம் போதும்.

பழைய ஜப்பானியத்தில் 'கொட்டோ' சொல்லையும் குறித்தது, நிகழ்வையும் காரியத்தையும் குறித்தது. எழுதும்போது இரண்டுக்கும் தனித்தனி சீன எழுத்து உண்டு, ஒலி ஒன்றுதான். பழம்பாடல்களில் கொட்டோடமாவைச் சில இடங்களில் 'சொல்'லுக்கான எழுத்தாலும் சில இடங்களில் 'காரிய'த்துக்கான எழுத்தாலும் எழுதியிருக்கிறார்கள். சொன்னது நடந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த ஒரே ஒலிக்குள்ளேயே இருக்கிறது என்று பலர் விளக்குவது இதை வைத்துத்தான்.

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ' என்ற தொகைநூலில் சுமார் 4,500 பாடல்கள் உண்டு. அவற்றில் கொட்டோடமா வருவது மூன்றே பாடல்களில். மூன்றையும் பார்த்துவிட்டால் வாட்ஸ்அப் விளக்கம் எங்கே தடம் மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

முதலாவது, 733ல் யமனோயே நோ ஒகுரா என்ற புலவர், சீனத்துத் தாங் அரசவைக்குக் கப்பலேறும் தூதரை வழியனுப்பிப் பாடியது. அந்தக் காலத்தில் அந்தக் கடலைக் கடப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை; போன கப்பல்கள் எல்லாம் திரும்பியதில்லை. "யமாட்டோ (ஜப்பானின் பழைய பெயர்) நாடு கொட்டோடமா செழிப்பூட்டும் நாடு என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்" என்று நினைவூட்டி, தெய்வங்கள் கப்பலை முன்னின்று நடத்திப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவரும் என்று வாழ்த்துகிறார். இரண்டாவதும் ஒரு வழியனுப்புப் பாட்டுதான்: "யமாட்டோ கொட்டோடமா துணைநிற்கும் நாடு, நலமாக இரு." மூன்றாவது காதல் பாட்டு. அந்திநேரம் பல தெருக்கள் கூடும் சந்தியில் போய் நின்று, அவ்வழியே போகிறவர்கள் வாயிலிருந்து விழும் சொல்லைக் குறியாக எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். காதல் கைகூடும் என்று அந்தக் குறி சொல்லிவிட்டதாம்.

கவனித்தீர்களா? இரண்டு பாட்டுகளில் சொல் அடுத்தவரை நோக்கிப் போகிறது. ஒன்றில் அடுத்தவரிடமிருந்து வருகிறது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது ஒன்றில்கூட இல்லை.

இன்னொரு பாதியும் உண்டு. அதைப் பற்றி அறிவுரைக்காரர்கள் வாயே திறப்பதில்லை. சொல்லுக்கு அவ்வளவு வலு இருக்கிறது என்றால், கண்டபடி சொல்லக் கூடாதல்லவா? தன் எண்ணத்தை எல்லோர் காதிலும் விழும்படி ஓங்கி அறிவிப்பதற்கு 'கொட்டோஅகே' என்று பெயர். சொல்லை உயர்த்துதல் என்று பொருள். நம் சூளுரைக்கு மிக நெருக்கமானது. மேலே சொன்ன இரண்டாவது பாட்டுக்கு முந்தைய பாட்டு, தெய்வங்களின் நெறிப்படி இது கொட்டோஅகே செய்யாத நாடு என்றுதான் தொடங்குகிறது. ஆனாலும் உன் நலத்துக்காக நான் செய்கிறேன் என்று தொடர்கிறது.

தவறாகச் சூளுரைத்தால் என்ன ஆகும்? 712ல் எழுதி முடிக்கப்பட்ட 'கொஜிகி' என்ற ஜப்பானியப் புராண வரலாற்று நூலில் அதற்கு ஒரு கதை இருக்கிறது. வீர இளவரசன் யமாட்டோ டகேரு, இபுகி மலைத் தெய்வத்தை வெறுங்கையால் வீழ்த்துகிறேன் என்று வாளை விட்டுவிட்டு மலையேறுகிறான். வழியில் மாட்டின் அளவுக்கு ஒரு வெள்ளைக் காட்டுப்பன்றி எதிர்ப்படுகிறது. "இது அந்தத் தெய்வத்தின் ஏவலாள். இப்போது வேண்டாம், திரும்பும்போது கொல்கிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு நடக்கிறான். வந்தது ஏவலாள் இல்லை, தெய்வமேதான். ஆலங்கட்டி மழை கொட்டுகிறது, இளவரசன் நிலைகுலைந்து போகிறான். தட்டுத்தடுமாறி இறங்கியவன் கடைசியில் ஊர் போய்ச் சேராமலே இறந்துபோகிறான். அந்தக் கொட்டோஅகேதான் அவனை நிலைகுலைய வைத்தது என்று கொஜிகியே குறிப்பிடுகிறது. 'நான் ஜெயிப்பேன்' என்று அறிவித்துவிட்டுப் போனவன் கதை இது. தன்னம்பிக்கை வகுப்புகளில் இதை ஏனோ சொல்வதில்லை.

சொல்லாமல் விடும் இந்தப் பாதி பின்னால் பெரிய வழக்கமாகவே வளர்ந்தது. விலக்க வேண்டிய சொற்களுக்கு 'இமிகொட்டோபா' என்று பெயர். இசே ஆலயத்துக்காக விரதம் காத்த அரச குலத்துக் கன்னியின் மாளிகையில் எந்தெந்தச் சொற்களைச் சொல்லக் கூடாது, பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்று 927ல் முடிந்த 'எங்கிஷிகி' விதிநூல் பட்டியலே போடுகிறது. இறப்புக்கு 'குணமாதல்' என்றும் நோய்க்கு 'ஓய்வு' என்றும் சொல்ல வேண்டும். இரத்தம் 'வியர்வை' ஆகிவிடும், இறைச்சி 'காளான்' ஆகிவிடும். அது ஜப்பானின் பூர்விகச் சமயமான ஷிந்தோவின் இடம் என்பதால் பௌத்தச் சொற்களுக்கும் தடை: புத்த கோயிலுக்கு 'ஓட்டுக்கூரை', மொட்டையடித்த பிக்குவுக்கு 'நீளமுடி'. கடைசியில் ஒரு குறும்பும் தெரிகிறது.

இன்றைய ஜப்பானில் இதைக் கண்ணால் பார்க்கக் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். வெட்டுதல், பிரிதல், முடிதல் போன்ற சொற்களை அங்கே தவிர்ப்பார்கள். விருந்து முடிந்தது என்று அறிவிக்காமல் 'திறப்பு' என்ற பொருளில் 'ஒஹிராகி' என்பார்கள். 'மறுபடி மறுபடி' போன்ற இரட்டைச் சொல்லும் ஆகாது. இன்னொரு கல்யாணம் நடந்துவிடக் கூடாதே! அழைப்பிதழில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்கூட வைக்காமல் விடுவது மரபு, ஏனென்றால் புள்ளி வைத்தால் முடிவு. கடைகளிலும் உண்டு: காய்ந்த கணவாய்க்குப் பெயர் 'சுருமே'. 'சுரு' என்பது சூதாட்டத்தில் பணத்தை விடுவதையும் குறிக்கும் என்பதால் அதை 'அத்தாரிமே' என்று மாற்றிவிட்டார்கள்; 'அத்தாரி' என்றால் அதிர்ஷ்டம் அடிப்பது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை முன்னால் 'விழு', 'வழுக்கு' என்ற சொற்கள் வராமல் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைக்குக் கிட்கேட் வாங்கித் தருவதும் இதே மனசுதான். அந்தப் பெயர் 'கிட்டோ காட்சு', அதாவது 'நிச்சயம் ஜெயிப்பாய்' என்பதுபோல ஒலிக்கிறது.

அப்படியானால் கண்ணாடி எங்கிருந்து வந்தது? தனக்குத்தானே நல்ல வாக்கியத்தைச் சொல்லிக்கொள்ளும் முறையை உலகமெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் எமீல் குவே (1857–1926) என்ற பிரெஞ்சு மருந்தாளர். ஒவ்வொரு நாளும் எல்லா விதத்திலும் நான் மேலும் மேலும் தேறி வருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். கொட்டோடமாவும் அதற்குள் பல கை மாறியிருந்தது. எடோ காலத்து (1603–1868) ஜப்பானிய அறிஞர்கள் அதை மொழித் தத்துவமாக்கினார்கள். ஐகிடோ என்ற தற்காப்புக் கலையை உருவாக்கிய உயேஷிபா மொரிஹேய் (1883–1969) அதைத் தன் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். போர்க்காலத் தேசியப் பிரசாரத்திலும் அது இழுபட்டது. நல்ல சொல் கேட்ட தண்ணீர் அழகான படிகமாக உறையும் என்று எமோட்டோ மசாரு என்ற ஜப்பானிய எழுத்தாளர் சொன்னது இன்னும் அண்மைக்காலம். அதை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. சுயமுன்னேற்றச் சந்தையில் இவையெல்லாம் ஒரே பொட்டலமாகிவிட்டன.

பொட்டலத்தில் உள்ளது வேலை செய்யுமா என்றால், ஆளைப் பொறுத்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2009ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. தன்மதிப்பு உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன் இருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சொல்லாற்றல்', 'சொல்வன்மை' இரண்டும் பேச்சுத் திறமையைக் குறிப்பவை, பொருந்தாது. 'வாக்குப் பலிதம்' கிட்டே வருகிறது. ஆனால் நம் மரபில் வாக்கு பலிப்பது சொன்னவரின் தவத்தாலோ நேர்மையாலோதான். தொல்காப்பியத்தின் "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி" என்பதிலும் வலு அந்த மாந்தரிடம் இருக்கிறது. கொட்டோடமாவில் வலு சொல்லிலேயே இருக்கிறது, யமாட்டோ டகேரு மாதிரி யார் எடுத்தாலும் சுடும். 'சொல்லாவி' எழுத்துக்கு எழுத்து சரி என்றாலும் பேய்க்கதை வாடை அடிக்கிறது. அதனால் என் தேர்வு 'சொல்லுயிர்'.

இமிகொட்டோபாவுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். கரிய ஆட்டை வெள்ளாடு என்பதையும், செத்தாரைத் துஞ்சினார் என்பதையும், சுடுகாட்டை நன்காடு என்பதையும் நம் இலக்கணம் 'மங்கலம்' என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. மங்கல வழக்கு என்றால் போதும். அந்திச் சந்தியில் நின்று கேட்கும் குறிக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது: விரிச்சி. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் மாலையில் ஊருக்கு வெளியே போய் விரிச்சிக்கு நிற்க, பசியில் தவிக்கும் கன்றிடம் ஆய்மகள் "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். அதையே தலைவன் திரும்புவதற்கான நற்சொல்லாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மன்யோஷூ பாட்டை முதலில் படிக்கும் தமிழர் யாரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

கண்ணாடி முன் செய்யும் பயிற்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் 'தற்பேச்சு' என்றோ 'தனக்குத்தானே பேசிக்கொள்வது' என்றோ எழுதலாம், அதற்குக் கொட்டோடமா தேவையில்லை. ஜப்பானிய நம்பிக்கையைப் பற்றி எழுதும்போது முதல் இடத்தில் 'கொட்டோடமா (சொல்லுயிர்)' என்று காட்டிவிட்டு, பிறகு சொல்லுயிர் என்றே தொடரலாம்.