ரிப்பீட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

கூடத்தில் இருக்கும் ரூட்டரின் வைஃபை பின்கட்டு அறைக்கு எட்டவில்லை என்றால், “பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடக்குமே, அதை ரிப்பீட்டராகப் போட்டுவிடுங்கள்” என்பார்கள். சிலர் இதையே பூஸ்டர் என்பார்கள், சிலர் எக்ஸ்டெண்டர் என்பார்கள். இவற்றில் ரிப்பீட்டர் தந்திக் காலத்துச் சொல்.

லத்தீனில் ‘பெத்தெரே’ என்றால் நாடிச் செல்லுதல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் மீண்டும் நாடுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ரிப்பீட் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பி நீள நீள மின்னோட்டம் தேய்ந்துபோகும். அதனால் நடுவழி அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, வந்த செய்தியை வாங்கி, அடுத்த கம்பியில் மறுபடி தட்டி அனுப்புவார். பிறகு அந்த வேலையை மின்காந்தம் எடுத்துக்கொண்டது. தேய்ந்து வந்த மின்னோட்டம் ஒரு சிறு இரும்புத் துண்டை இழுக்கும். அந்தத் துண்டு அடுத்த கம்பியின் இணைப்பை மூடும். அங்கே இருக்கும் வேறு பாட்டரியிலிருந்து செய்தி முழு வலுவோடு கிளம்பும். இதுதான் ரிப்பீட்டர். தொலைபேசிக்கு வெற்றிடக் குழாய் ரிப்பீட்டர்கள் வந்தன. 1915இல் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பேச முடிந்தது அவற்றின் தயவில்தான்.

தமிழில் மறுபரப்பி, மீளுருவாக்கி, பெருக்கி என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். பெருக்கி தொலைபேசிக்குச் சரி, வைஃபைக்குச் சரிவராது. பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். வைஃபை ரிப்பீட்டரோ தகவல் பொதியை முழுதாக வாங்கி, பழுதில்லையா என்று சரிபார்த்து, புதிதாக அனுப்புகிறது. பூஸ்டர் என்ற பெயரும் இதனால்தான் தவறு. மறுபரப்பி பொருள் பிழையில்லாத சொல். ஆனால் நம்மிடம் பழகிய சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: அஞ்சல்.

இன்று அஞ்சல் என்றால் கடிதம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கைமாற்றி அனுப்புவது என்ற பொருளும் அதற்கு உண்டு. ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்ற நிலையங்கள் வாங்கி ஒலிபரப்புவதை வானொலியில் ‘அஞ்சல் செய்வது’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் தொடர் ஓட்டம் எனப்படும் ரிலே பந்தயம் இலங்கையில் அஞ்சலோட்டம். அன்றைய திருவிதாங்கூர் அரசின் தபால் துறைக்கே அஞ்சல் என்றுதான் பெயர் இருந்தது. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள் பையை அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கொண்டுபோனார்கள். ரிலே என்ற ஐரோப்பியச் சொல்லுக்கும் வழியில் நிறுத்திவைத்த மாற்று வேட்டைநாய்கள், மாற்றுக் குதிரைகள் என்பதே பழைய பொருள். ஆகவே என் ஓட்டு ‘அஞ்சற்கருவி’க்கு. மின்னஞ்சலோடு குழம்புமே என்றால், ‘அருகலை அஞ்சற்கருவி’ என்று வைத்துக்கொள்ளலாம். அருகலை என்பது வைஃபைக்கு ஏற்கெனவே புழங்கும் தமிழ்ச்சொல்.

அஞ்சல் என்று நினைத்துக்கொண்டால் எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். சிக்னலே வராத அறையில் வைத்தால் கைமாற்ற எதுவும் இருக்காது. நல்ல சிக்னல் இன்னும் எட்டுகிற பாதி வழியில் வைக்க வேண்டும். அப்புறம், ஒரே ரேடியோ உள்ள பழைய ரூட்டர் அதே சேனலில், அதாவது அலைவரிசையில், கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எனவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இரண்டு ரூட்டர்களுக்கும் நடுவே கேபிள் இழுக்க முடிந்தால் இந்த இழப்பு இல்லை. அப்படிக் கேபிளில் இணைத்த பழைய ரூட்டரையும் ரிப்பீட்டர் என்றே பலர் சொல்கிறார்கள். உண்மையில் அது ஆக்சஸ் பாயிண்ட், தமிழில் அணுகுமுனை. இங்கே காற்றில் வாங்கிக் காற்றில் கொடுக்கும் வேலை கிடையாது. ரிப்பீட்டர் வசதி எல்லாப் பழைய ரூட்டரிலும் இருக்காது, அணுகுமுனையாக மாற்றுவது பெரும்பாலானவற்றில் முடியும். முதல் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2 கொடுங்கள். அதில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதியை, அணையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெட்டிகளும் போட்டிபோட்டு முகவரி வழங்கும். பழைய ரூட்டரில் கேபிளை, வெளி இணையத்துக்கான வேன் (WAN) துளையில் அல்ல, வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் மட்டும் ஒன்றில் 1 என்றால் மற்றதில் 6 அல்லது 11.