புவிமரபிடம் (ஜியோசைட்)

'ஜியோ' என்பது பூமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. 'சைட்' லத்தீன் வழி வந்தது, இடம் என்று பொருள். இரண்டையும் ஒட்டிப் 'புவியிடம்' என்று சிலர் எழுதுகிறார்கள். பூமியில் எந்த இடம்தான் புவியிடம் இல்லை? பூமியின் பழங்கதையைப் பாறையிலோ புதைபடிவத்திலோ தாங்கி நிற்பதால் காக்க வேண்டிய இடத்தைத்தான் ஜியோசைட் என்கிறார்கள். அதனால் 'மரபு' சேர்த்துப் 'புவிமரபிடம்' என்பதே சரி. இலங்கைத் தமிழில் ஜியாலஜியைப் 'புவிச்சரிதவியல்' என்பார்கள். அந்தச் 'சரிதம்' அழகாகப் பொருந்துகிறது.

ஓர் இடத்தை மதிப்பிடும்போது அழகு முதல் கேள்வி இல்லை. சென்னைப் பரங்கிமலையின் சார்னோகைட் பாறையைப் பலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த இதே வகைக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் புவிச்சரிதவியலாளர் டி.எச். ஹாலண்ட் வைத்த பெயர் அது. உலகெங்கும் இந்தப் பாறைக்கு அந்தப் பெயர்தான். அறிவியல் மதிப்பில் பரங்கிமலை உச்சம், காட்சி மதிப்பில் சுமார்.

அப்புறம் கல்விப் பயன், சுற்றுலாப் பயன் என்று பார்ப்பார்கள். சிதையும் அபாயத்தைத் தனியாகக் கணக்கிடுவார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கணக்கு. பரங்கிமலைப் பாறையை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் சிதறிக் கிடக்கும் கல்மரத் (கல்லாக மாறிய பழங்கால மரம்) துண்டுகளை அப்படிக் கொண்டுபோகலாம். அங்கே கூட்டத்தை வரவழைப்பதற்கு முன்பு வேலியும் காவலும் வேண்டும். பார்க்க ஆள் வரும் என்பதற்காக மட்டும் ஓர் இடத்துக்கு மதிப்பெண் போட்டால், காக்க வேண்டிய பொருளே காணாமல் போகும்.

இன்னொரு குழப்பம், 'ஜியோபார்க்'. இதைப் 'புவிப்பூங்கா' என்றால் நுழைவுச்சீட்டும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். யுனெஸ்கோ 2015 முதல் தரும் உலக ஜியோபார்க் தகுதி, ஊர்களும் வயல்களும் அடங்கிய பெரிய நிலப்பரப்புக்கு உரியது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வும் உண்டு. 'புவிமரபு வட்டாரம்' என்பேன் நான். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கிடக்கும் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒரு புவிமரபிடம். அதோடு அதே மாவட்டத்துக் காரை ஊரின் புதைபடிவ நிலத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் அங்கு வாழ்பவர்களையும் சேர்த்துத் திட்டமிட்டால், அதை வட்டாரம் எனலாம்.