உறை பிரிக்காத வடிகட்டி

"எட்டு மாதம் ஆகிறது தம்பி. இந்தச் சிவப்பு விளக்கு ஒரு நாளும் பச்சையானதில்லை. பேரனுக்கு மூச்சிரைப்பும் நின்றபாடில்லை" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனார். பர்கூர் சாலையில் வீடு. பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கிய ஏர் பியூரிஃபையர். பின்மூடியைக் கழற்றினேன். வடிகட்டி, பாலித்தீன் உறைக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. விரலை வைத்தால் பள்ளம் விழும் அளவுக்கு உறையின்மேல் சாம்பல் நிறத் தூள். உள்ளே மடிப்பு மடிப்பான வடிகட்டி, தொழிற்சாலையிலிருந்து வந்த வெள்ளை மாறாமல்.

இந்த ஆண்டில் நான் பிரிக்கும் நான்காவது உறை இது. கிருஷ்ணகிரியில் பதினேழு வருடமாக ஏ.சி. பழுது பார்க்கிறேன், ஐந்தாறு வருடமாக ஏர் பியூரிஃபையரும் சேர்ந்துகொண்டது. முதல் மூன்று வீடுகளில் சிரித்துவிட்டு வந்தேன். இங்கே கட்டிலோரம் நெபுலைசர் இருந்தது. கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருளின் சாம்பல் வட்டமாகக் கிடந்தது. சிரிப்பு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த மிஷின் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பலரும் டெல்லியில் இருக்கும் உறவினர் வாங்கியதையோ, இணையத்தில் அதிக நட்சத்திரம் வாங்கியதையோ மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் என்ன படிகிறது? இரண்டு நாள் துடைக்காமல் விட்டு, விரலால் தேய்த்துப் பாருங்கள். மணல் போலக் கரகரத்தால் ஜல்லி கிரஷர், கல் குவாரி, சாலை மண். கறுப்பாகப் பிசுபிசுத்தால் டீசல் புகை. பெங்களூரு, சென்னை, சேலம் என்று நெடுஞ்சாலைகள் கூடும் ஊரில் இது ஆச்சரியமில்லை. தர்மபுரிப் பக்கம் வெல்ல ஆலைக்கு அருகே கரும்புச் சக்கையின் கரி துணுக்குத் துணுக்காக விழும். மாவு போல வெளுத்த சாம்பலாக இருந்தால் வெளியே தேட வேண்டாம். அது உங்கள் ஊதுபத்தி.

செல்போனில் காட்டும் காற்றுத் தர எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது எங்கோ ஒரு நிலையத்தில் அளந்தது, அல்லது கணிப்பு. உங்கள் தெருமுனையில் எம்.சாண்ட் லாரி தார்ப்பாய் இல்லாமல் போவது அதற்குத் தெரியாது. நம் நாட்டு வரம்புப்படி 2.5 மைக்ரானுக்குட்பட்ட (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுண்துகள் ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதுவே 15தான். ஆகவே, எண் பச்சையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

நம் மாவட்டங்களின் தனிக்குணம், நுண்துகளோடு பெருந்தூசியும் ஏராளம் என்பது. கிரானைட்டைத் தண்ணீர் ஊற்றித்தான் அறுக்கிறார்கள், பாலிஷ் போடுகிறார்கள். ஆனால் அந்தச் சேறு காய்ந்த பிறகு யார் தண்ணீர் தெளிக்கிறார்கள்? பவுடராகிப் பறக்கிறது. அதில் பெரிய துகள்கள் சீக்கிரம் தரையில் இறங்கிவிடும். இறங்கியதை எந்த மிஷினாலும் மேலே இழுக்க முடியாது. துடைப்பத்தால் கூட்டி மறுபடி மூக்கு உயரத்துக்கு எழுப்புவது நாம்தான். ஈரத்துணி போட்டுத் துடையுங்கள். குவாரியிலும் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்கள் வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் என்ன செய்யும் என்பதைக் குவாரியில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்களைக் கேளுங்கள்.

தரையில் இறங்காமல் மிதந்து வரும் பெருந்தூசிதான், நுண்துகளைப் பிடிக்கும் முக்கிய வடிகட்டியான ஹெபாவைச் சீக்கிரம் அடைத்துக் கொல்கிறது. அதனால் இங்கே மிஷின் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது ஹெபாவுக்கு முன்னால் இருக்கும் வலையை. முன்வடிகட்டி என்று சொல்கிறோம். அது அகலமாக, தனியாகக் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். ஹெபாவோடு ஒட்டியே வந்தால் வேண்டாம். அடுத்து, மாற்று ஹெபாவின் விலையைக் கேளுங்கள். மிஷினின் விலையைப் பேரம் பேசி வாங்கியவர்கள், ஒரு வருடம் கழித்து மாற்று வடிகட்டியின் விலையைக் கேட்டு வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் அந்தக் கொடுமை நடக்கிறது: ஹெபாவைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவுகிறார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹெபா என்பது டீ வடிகட்டி அல்ல. டீ வடிகட்டியில் கண் சிறியது, தூள் பெரியது, ஆகவே தங்குகிறது. தட்டிக் கழுவினால் புதிது. ஹெபாவில் அப்படி ஒழுங்கான கண்ணே கிடையாது. முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். மிக நுண்ணிய துகள் நேராகப் போகாது; தள்ளாடித் தள்ளாடிப் போய் ஏதோ ஓர் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். சற்றுப் பெரியது, காற்று வளையும் இடத்தில் வளைய முடியாமல் மோதும். இரண்டுக்கும் நடுவே 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் தப்பிப்பதில் கெட்டி. அதனால்தான் 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் பிடிக்கிறது என்று அந்த அளவைச் சொல்லி விற்கிறார்கள். இந்தப் பின்னலைத் தண்ணீரில் முக்கினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சில இடம் அடைபடும், சில இடம் வாய் பிளக்கும். வெயிலில் காய்ந்ததும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். "நன்றாகத்தானே இருக்கிறது சார்" என்பார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது, வடிகட்டியாக இல்லை. கழுவலாம் என்று தயாரித்தவரே எழுதியிருந்தால் ஒழிய, ஹெபா மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. கழுவ வேண்டியது முன்வலையை, அதையும் நன்றாக உலர்த்தித்தான் மாட்ட வேண்டும். கிரஷர் பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை. பெட்டியில் "ஹெபா டைப்" என்று எழுதியிருந்தால் அது ஹெபா அல்ல. ஹெச்13 போன்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு. பத்துக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்றால் ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை அதைச் சுத்தம் செய்ய, மணிக்கு 170 கன மீட்டர் சுத்தமான காற்று தரும் மிஷின் தேவை. சி.ஏ.டி.ஆர். என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் அதுதான், மணிக்கு இத்தனை கன மீட்டர் என்ற கணக்கில். இந்த மிஷினை ஹாலில் வைத்து வாசல் கதவையும் திறந்து வைத்தால் கிருஷ்ணகிரி மலையையே சுத்தம் செய்யச் சொல்வது போல. குழந்தை தூங்கும் அறையில், சுவரைவிட்டு ஓரடி தள்ளி வையுங்கள்.

டீசல் நெடியும் ஆலை வாடையும் தொல்லை என்றால் கார்பன் வடிகட்டி வேண்டும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும்; கரி தூவிய மெல்லிய பஞ்சு ஒப்புக்குத்தான். அயனி, பிளாஸ்மா என்று தனிப் பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள். சிலவற்றில் ஓசோன் வரும், மூச்சிரைப்புக்காரருக்கு ஆகாது. ஏ.சி. இருக்கிறதே என்பவர்களுக்கு: அதன் வலை பல்லியையும் பஞ்சையும் நிறுத்தும், அவ்வளவே. மிஷின் ஆக்சிஜன் தருமா என்று இன்னமும் கேட்கிறார்கள். தராது.

அந்த அம்மாவிடம் கொசுவர்த்தியைப் பற்றிச் சொன்னபோது, "மிஷின்தான் புகையை இழுத்துவிடுமே" என்றார். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளை விடுகிறது என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. மூடிய அறையில் அதை ஏற்றிவிட்டு மிஷினை ஓட்டுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போல. கொசுவலை கட்டுங்கள் அம்மா என்றேன். பேரனைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதையும் நிறுத்தச் சொன்னேன், முகம் வாடிப்போனது. என்ன செய்வது, அவனுக்கு ஆகவில்லை.

மார்கழிக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அறைக்குள் கரிச்சட்டி வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை ஹெபாவும் பிடிக்காது, கார்பன் வடிகட்டியும் பிடிக்காது. மிஷினின் விளக்கு பச்சையாகவேகூட எரியும்.

உறையைப் பிரித்து, சென்சார் துளையை உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, கதவைச் சாத்தி ஓட்டினோம். அரை மணி நேரத்தில் விளக்கு மஞ்சளுக்கு வந்து, பிறகு பச்சையானது. அந்த அம்மா பாலித்தீன் உறையைக் கசக்கிக் குப்பையில் போடப்போனார். தடுத்தேன். துடைத்து எடுத்து வைக்கச் சொன்னேன். வடிகட்டியை மாற்றும் நாளில் பழையதைச் சுவரில் தட்டிப் பார்க்காமல் அதற்குள் போட்டு, வாயைக் கட்டி எறியலாம்.