சப்பார்டினேட் கிளாஸ்: எச்சமா, சார்பு வாக்கியமா?

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்.' காய்ச்சல் வந்ததோ இல்லையோ, இந்த வரியை எழுதாமல் நம்மில் பலர் பள்ளிக்கூடம் தாண்டியிருக்க மாட்டோம். 'ஃபீவர்' என்றதும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் சிவப்பு மை விழும். 'காய்ச்சல், சரி, அதனால என்ன?' என்று கேட்கவைத்து அந்தரத்தில் நிற்கிறது அந்த முன்பாதி. அதைத்தான் சப்பார்டினேட் கிளாஸ் அல்லது டிபெண்டென்ட் கிளாஸ் என்கிறார்கள். வகுப்பும் கண்ணாடி டம்ளரும் தமிழில் எழுதினால் இதே 'கிளாஸ்'தான். தமிழ்ச் சொல் தேட அது ஒன்றே போதும்.

லத்தீனில் 'கிளவ்தெரே' என்றால் மூடுதல், அடைத்தல். குளோஸ், இன்க்ளூட், கன்க்ளூட் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். அதிலிருந்து பிறந்த 'கிளவ்சுலா', மேடைப் பேச்சில் ஒரு நீண்ட வாக்கியம் முடியும் இடத்தைக் குறித்தது. அந்த முடிப்பு எந்தச் சந்தத்தில் விழவேண்டும் என்பதில் ரோமாபுரியின் பேச்சாளர் சிசெரோ மிகவும் கவனமாக இருந்தவர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், ஒப்பந்தத்தின் ஷரத்துக்கும் வாக்கியத்தின் பகுதிக்கும் பெயரானது. வாடகை அக்ரிமென்டைப் புரட்டி 'இப்படி ஒரு கிளாஸ் இருக்கு சார்' என்று வீட்டுக்காரர் காட்டுவதும் இதே சொல்தான். டிபெண்டென்ட் என்பதன் வேர் தொங்குதல். கழுத்தில் தொங்கும் பென்டன்ட் அதன் உறவு. சப்பார்டினேட் என்றால் வரிசையில் கீழே இருப்பது, அலுவலகத்தில் சொல்வது போலவே.

ஆங்கிலம் தொங்கலையும் படிநிலையையும் பார்த்த இடத்தில் தமிழ் இலக்கணம் வேறொன்றைப் பார்த்தது. முடிந்த வினை முற்று, முடியாமல் எஞ்சி நிற்பது எச்சம். 'வந்தான்' முற்று. 'வந்து' என்றால் இன்னொரு வினை வேண்டும், அதனால் வினையெச்சம். 'வந்த' என்றால் ஒரு பெயர் வேண்டும், அதனால் பெயரெச்சம். (பறவை போடுவதும் எச்சம்தான், பெற்ற பிள்ளையும் எச்சம்தான். எல்லாம் எஞ்சுவதுதான்.)

ஆங்கிலத்தில் சார்ந்து நிற்பவை மூன்று வகை. பெயரின் வேலையைச் செய்வது நவுன் கிளாஸ், பெயரை விவரிப்பது அட்ஜெக்டிவ் கிளாஸ், எப்போது, ஏன், எப்படி என்று வினையை விவரிப்பது அட்வர்ப் கிளாஸ். நம் காய்ச்சல் கடைசி வகை.

இதில் ருசியானது நடு வகை. ஹூ, விச், வேர், வென் என்று ஆங்கிலம் ஆளுக்கொரு கொக்கி வைத்திருக்கிறது. தமிழுக்கு 'வெட்டிய' என்ற ஒரு சொல் போதும்: வெட்டிய ஆள், வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள், வெட்டிய மரம், அவன் வெட்டிய வெட்டு. செய்பவன், கருவி, நிலம், காலம், செய்பொருள், செயல் என்று பெயரெச்சம் கொள்ளும் இந்த ஆறையும் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் எண்ணி வைத்துவிட்டது. சிக்கனத்துக்கு விலையும் உண்டு. உரையாசிரியர்கள் காட்டும் 'புலிகொல் யானை' எந்த யானை? புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? ஆங்கிலத்தில் விச் போட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

நவுன் கிளாஸில் 'தட்' செய்வதைத் தமிழில் 'என்று' செய்கிறது. 'அவன் வந்தான் என்று சொன்னாள்.' உள்ளே 'வந்தான்' என்று முற்றே இருக்கிறது. ஆனாலும் வாக்கியம் முடியவில்லை, ஏனென்றால் 'என்று' என்பதே 'என்' என்ற வினையின் வினையெச்சம்.

அப்படியானால் சப்பார்டினேட் கிளாஸை 'எச்சத் தொடர்' என்று சொல்லிவிடலாமே? கேட்க அழகு, ஆனால் பொருந்தாது. 'தி மேன் ஹூ கேம்' என்பதில் 'கேம்' காலம் காட்டும் முழு வினை. முற்று உள்ளேயே இருக்கும்போது அதை எச்சம் என்றால் மாணவர் குழம்புவார். 'துணை வாக்கியம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆக்ஸிலரி வெர்ப்பைத் துணைவினை என்கிறோம், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். என் கட்சி 'சார்பு வாக்கியம்'. கலவை வாக்கியம் படித்தவர்களுக்குப் பழகிய சொல், 'டிபெண்டென்ட்' என்பதன் பொருளும் சிந்தாமல் வருகிறது. தனித்து நிற்காததை வாக்கியம் எனலாமா என்பார்கள். எழுவாயும் பயனிலையும் உள்ளே இருக்கிறதே, அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம். தலைமை தாங்கும் மற்றப் பகுதி முதன்மை வாக்கியம்.

லீவ் லெட்டரையே தமிழாக்கிப் பாருங்கள்: 'காய்ச்சலாக இருப்பதால் விடுப்புத் தர வேண்டுகிறேன்.' 'ஆஸ்' தொடங்கிய சார்பு வாக்கியம் தமிழில் வாக்கியமாகவே இல்லை. 'இருப்பது' என்ற பெயரோடு 'ஆல்' என்ற மூன்றாம் வேற்றுமை உருபு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எச்சம் எங்கே என்றால், பள்ளிக்கூட ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பொதுவாகக் கிளாஸ் என்றே கணக்கில் சேர்க்காத 'டு கிராண்ட்' இருந்த இடத்தில், 'தர' என்று நிற்கிறது.